வலி போற ஊசி

“கூட யாரு மேடம்?” என்று அந்தப் பெண் கேட்டபோது, எனக்குப் பின்னால் நிற்பவரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு தண்ணீர் கேன்தான் இருந்தது.

தேனாம்பேட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என் வலது முழங்கால் முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். அட்மிஷனுக்குப் பதிவு செய்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தேன்.

“கூட யாரும் இல்லை. நானேதான் பேஷன்ட். நானே கையெழுத்துப் போடறேன்.”

“அப்படி அட்மிட் பண்ண முடியாது மேடம். அட்டெண்டர் ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும். பையன், பொண்ணு, சொந்தக்காரங்க யாராவது…”

“நான் டாக்டர்ம்மா. வாழ்நாள் முழுக்க ஆபரேஷன் தியேட்டர்லதான் இருந்தேன்.”

“டாக்டரா இருந்தாலும் கூட ஒரு ஆள் வேணும் மேடம்,” என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இதே கேள்வியை என் சர்வீஸில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! கதவைப் பாதி திறந்து, “கூட யார் வந்திருக்கா?” என்று கத்துவேன். பெஞ்சிலிருந்து யாராவது பதறிக்கொண்டு எழுந்து வருவார்கள். எழுந்து வர ஆளே இல்லாமல் போனதாக எனக்கு நினைவில்லை.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஆட்டோ பிடித்து மந்தைவெளிக்குத் திரும்பினேன். என் வீடு இரண்டாவது மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினேன். ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது விஷயம் தெளிவாகிவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இன்னும் கொஞ்ச நாளில் இந்தப் படியில் இறங்க முடியாது, மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆபரேஷன் வேண்டுமென்றால் கூட ஓர் ஆள் வேண்டும். எழுபது வயதுக்கு மேல் ஓர் ஆளுக்கு நான் எங்கே போவேன்?

நான் மயக்க டாக்டர். அனஸ்தடிஸ்ட் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், ஊருக்கு மயக்க டாக்டர்தான். நான் இந்தப் படிப்பை எடுத்தபோது, “இவளாவது, மயக்கறதாவது!” என்று என் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்தத் தொழிலில் முகம் கிடையாது. தலைமாட்டில் நிற்கிற எங்களைப் பேஷன்ட் தலைகீழாகப் பார்ப்பார், அதுவும் முகமூடியோடு. அடுத்த நிமிஷம் தூங்கிப்போவார். கண் விழித்ததும் கும்பிடு எல்லாம் கத்தி பிடித்தவருக்கு. என் பாடு அதைவிட மோசம். பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அதன் வழியாக மருந்து கொடுப்பது என் வேலை. இந்த ஊரில் அதை ஆரம்பித்த ஒரு சிலரில் நானும் ஒருத்தி. அந்தப் பெண்கள் என்னைத் தலைகீழாகக்கூடப் பார்க்கவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நான் பார்த்ததெல்லாம் முதுகு, முதுகு, முதுகு.

மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கப் போவேன். முன்னால் போகிற ஒருத்தியின் ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவே ஒரு மச்சம் தெரியும். அட, இந்த முதுகு நமக்குத் தெரிந்ததாயிற்றே என்று மனசு குதிக்கும். கூப்பிட்டு என்ன சொல்வது? “அம்மா, உன் முதுகை எனக்குத் தெரியும்” என்றா? போலீஸைக் கூப்பிட்டுவிடுவாள். பேசாமல் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாளில் பிரசவம் பார்த்த டாக்டரைக் கூப்பிடுவார்கள். ஸ்வீட் டப்பாவும் அவருக்குத்தான். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். வயிறு எரிந்தது. வலியில் துடித்தவளைச் சிரிக்கவைத்தது நான், மைசூர்பாகு அவருக்கா? இப்படி நினைத்துக்கொண்டே கான்டீன் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். இப்போது கேட்பதற்கும் ஆள் இல்லை.

ஆரம்பத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்கு ஏகப்பட்ட எதிர்ப்பு. பிரசவ வார்டின் தலைமை டாக்டர் ஒரு மாமி. கை தேர்ந்தவள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த விஷயத்தில் இரும்பு.

“நம்ம அம்மால்லாம் ஊசி போட்டுண்டா பெத்தா? வலிக்காம பெத்துண்டா பாசம் எங்கேர்ந்துடீ வரும்?” என்று கேட்டாள்.

“பல் பிடுங்கறப்போ மட்டும் மரத்துப்போற ஊசி கேட்கறோமே மேடம்?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நியாயஸ்தி. “சரி, ஒரு மாசம் தரேன். ஆனா ஒண்ணு. வர்றவா தானா ஒத்துண்டாதான் போடணும், கட்டாயப்படுத்தப்படாது. யாரும் வேண்டாம்னா மருந்தைக் கட்டிண்டு உன் தியேட்டருக்கே போயிடணும்” என்றாள்.

நான் தட்டில் எல்லாம் அடுக்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறும் பெண்கள். நியாயமாக என்னைச் சாமியாகக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் ஒவ்வொருத்தியிடமும் போய், “வலிக்கு ஊசி போடட்டுமா?” என்று அன்பாகக் கேட்டேன். ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டாள். இன்னொருத்தி, “எனக்கு ஏற்கெனவே போட்டாச்சு!” என்று பொய் சொன்னாள். ஒருத்தி அம்மாவைக் கூப்பிட்டு ஓவென்று அழுதாள். நாள் போகப் போக என்னைக் கண்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

எங்கள் துறையில் இதைப் பற்றிப் பெரிய பெரிய விளக்கமெல்லாம் சொன்னார்கள். நம் பெண்களுக்கு வலியைத் தாங்குவதில் ஒரு பெருமை, அது நம் பண்பாடு, இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும் என்றார்கள். நானும் அதை நம்ப ஆரம்பித்தேன். மாமி வழியில் பார்க்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டிவிட்டுப் போவாள். அது இன்னும் எரிச்சல்.

மாசம் முடியப்போகிற சமயம் கடற்கரையோரம் இருக்கிற ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒருத்தி வந்தாள். மீன் விற்கிறவள், தலைப்பிரசவம். நான் வழக்கம்போலப் போய், “வலிக்கு ஊசி போடட்டுமாம்மா?” என்றேன்.

“தே! கிட்ட வராத!” என்று போட்டாளே ஒரு சத்தம், வார்டே திரும்பிப் பார்த்தது. “காலைலதான் ஒரு வலி ஊசி போட்டு இந்தப் பாடு படுத்திகினு கீறீங்க. இருக்குற வலி பத்தாதுன்னு இன்னோண்ணு போட்டு ஏத்த வந்துட்டியா நீ? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. அடக் கடவுளே!

பிரசவம் தாமதமானால் வலி வருவதற்கென்று ஒரு மருந்து ஏற்றுவோம். அதற்கு எங்கள் வார்டில் வலி ஊசி என்றுதான் பெயர். “அந்தக் கட்டிலுக்கு வலிக்கு ஊசி போட்டாச்சா?” என்று நர்ஸுகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலுக்கு ஊசி போட்டால் காய்ச்சல் போகும். தலைவலிக்கு மாத்திரை போட்டால் தலைவலி போகும். பிரசவ வார்டில் மட்டும் வலிக்கு ஊசி போட்டால் வலி வரும். அந்த ஊசியை வாங்கிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தவர்களிடம்தான் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், “இன்னும் கொஞ்சம் வேணுமா?” என்று அன்பாக விசாரித்திருக்கிறேன்! பண்பாடாவது, மண்ணாங்கட்டியாவது.

“ஐயோ, இது வலி வர்ற ஊசி இல்லம்மா. வலி போற ஊசி! வலி போற ஊசி!” என்று நானும் கத்தினேன்.

“போறதா? மெய்யாலுமா?”

“மெய்யாலும்தான்.”

“அப்போ இத்தினி நேரமா இன்னாத்துக்கு அங்க நின்னுகினு கீற? போடு!”

கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தேன். இந்த ஊசிக்கு முதுகு நன்றாக வெளியே வளைய வேண்டும். அப்போதுதான் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே வழி கிடைக்கும். நிறைமாத வயிற்றோடு வளை என்றால் யாருக்கு வளையும்? யோசித்துப் பார்த்து, இறாலை நினைத்துக்கொண்டு, “எறா மாதிரி சுருண்டுக்கோ” என்றேன்.

அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐய, நீ எறாவப் பாத்துகீறியா? உன் மூஞ்சப் பாத்தா தயிர்சோறு மாரி கீது!”

முன்னால் ஒருவர் நின்று தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் சொந்தக்காரர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஓர் ஆயாம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவளை ஆயாம்மா தோளில் தலையைச் சாய்க்கச் சொன்னேன். ஊசியைக் கையில் எடுத்தபோது அவள் உடம்பு விறைத்தது.

“வலி வந்துட்டு இருக்கா?”

“ம்…ம்…”

“வந்து போகட்டும். அவசரமில்லை. அப்புறம் போடறேன்.”

இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். வலி ஏறும்போது யாராலும் அசையாமல் இருக்க முடியாது. அது ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும்வரை கையில் ஊசியோடு காத்திருக்க வேண்டும். இறங்கியதும் சின்ன இடைவெளி கிடைக்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, பால்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தாலே சண்டை போடுகிறவள். ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

மருந்து போய்க் கொஞ்ச நேரத்தில் அவள் திருதிருவென்று விழித்தாள். “எங்க பூட்சு வலி? ஏம்மா, கொயந்த உள்ளதான கீது?” என்று கேட்டாள். உள்ளேதான் இருக்கிறது என்றேன். அப்புறம் அவள் செய்ததை வேறு யாரும் செய்ததில்லை. மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அந்தத் துணிய எடு. உன் மூஞ்சியக் காட்டு.”

முகமூடியைக் கீழே இழுத்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பார்த்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம், “எனக்கும் அந்த வலி போற ஊசி” என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மாமி ஒரு வாரம் பார்த்தாள். “சரி, நடத்து” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் பேஷன்ட்டிடம் வலிக்கு ஊசி போடட்டுமா என்று கேட்டதில்லை. ஜூனியர்கள் எல்லோருக்கும் முதல் பாடமே வலி போற ஊசி என்ற மூன்று வார்த்தைதான்.

பல வருஷம் கழித்து ஒரு காலை, பால் வாங்கிக்கொண்டு எங்கள் தெருவில் திரும்புகிறேன். எதிரே மீன்கூடையோடு ஒருத்தி நின்றுகொண்டு என்னை முறைக்கிறாள்.

“நீ டாக்டரம்மாதான? எனுக்கு முதுகுல ஊசி போட்டியே?”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என்னை ஒருத்தி தெருவில் அடையாளம் கண்டுபிடிக்கிறாள்! “ஆமாம்மா, நல்லா இருக்கியா? குழந்தை எப்படி இருக்கா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“கொயந்த நல்லாத்தான் கீது. வலி இல்லாம பொறந்துச்சுல்ல, அதான் சோம்பேறியா கீது. அத்த வுடு. நீ போட்ட ஊசியால என் முதுகு பூட்சு!”

ஆசையெல்லாம் புஸ்ஸென்று போயிற்று. நடுத்தெருவில் நின்று விளக்கினேன். ஊசி போன இடம் சில நாளில் ஆறிவிடும், அந்த ஊசியால் வருஷக்கணக்கில் முதுகு வலிக்காது என்றேன். கேட்டால்தானே!

“தலைல இவ்வளவு பாரம் தூக்கினா யாருக்குத்தான் முதுகு வலிக்காது?” என்றேன்.

“கூடைய எங்க அம்மா தூக்கிச்சு, அத்தோட அம்மா தூக்கிச்சு. ஊசி நீதான போட்ட?”

சரி, வீட்டுக்கு வா, முதுகைப் பார்க்கிறேன் என்று மாடியைக் காட்டினேன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை, அது அவளுக்கும் தெரியும். எதிர்ச் சாரி வீடுகளில் வியாபாரத்தை முடித்துவிட்டு, கூடையை கேட் ஓரமாக வைத்துவிட்டு, மாடி ஏறி வந்து என்னைத் திட்டுவாள். நான் காபி போட்டுக் கொடுப்பேன். குடித்துவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டுவாள். நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். “அங்கதான், அங்கதான், உன் ஊசி போன எடம்” என்பாள். அந்த இடத்துக்கும் ஊசி போன இடத்துக்கும் ஒரு சாண் தூரம். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், ஒரு நாளும் செய்ததில்லை. “இன்னா சமைச்ச? வெறும் ரசமா? அதான் இப்டி கீற” என்று என் அடுப்பையும் திட்டிவிட்டு இறங்கிப் போவாள்.

கேட்டில் மீன் வாடை அடிக்கிறது என்று அசோசியேஷன் செக்ரெட்டரி என்னிடம் வந்து சொன்னார். “வாடை வந்தா மூக்கைப் பொத்திக்கோங்கோ” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. ஏற்கெனவே பேச ஆள் இல்லை, அதில் ஒன்று குறைந்தது.

ரிட்டயர் ஆன பிறகு டெலிபோன் என்பது பாங்கிலிருந்து வரும் மெசேஜுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. காலையில் ஒரு டம்ளர் காபி, மத்தியானம் ஒரு கரண்டி சாதம். கூடத்தில் இரண்டு நாற்காலி உண்டு, ஒன்றில்தான் துணி தேய்ந்திருக்கும். அவள் வருகிற நாளில் பேசுவதுதான் சில வாரங்களில் என் மொத்தப் பேச்சும். அவள் இறங்கும் செருப்புச் சத்தம் நிற்கும்வரை கதவைச் சாத்தமாட்டேன். இத்தனை ஆயிரம் பேருக்குப் போட்டேன், ஞாபகம் வைத்திருக்கிறவள் ஒரே ஒருத்தி, அவளும் புகார் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தால் சிரிப்பு வரும். சில நாள் சிரிப்பு வராது.

தேனாம்பேட்டையிலிருந்து திரும்பிய அன்று அண்ணாவுக்கு அமெரிக்காவுக்கு போன் செய்தேன். அவனுக்கு என்னைவிட ஆறேழு வயது அதிகம்.

“நான் வரலாம்னா டாக்டர் ஃப்ளைட்ல ஏறவே கூடாதுங்கறார். ஏஜென்சில ஒரு ஆளை வெச்சுக்கோயேன். இப்போ எல்லாரும் அதைத்தானே பண்றா?” என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம் அந்த நாற்காலியிலேயே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஊசிக்கும் கத்திக்கும் பயமில்லை. கண் விழிக்கும்போது, பழக்கமில்லாத ஒரு முகம் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்குமே, அதற்குப் பயம்.

ஏஜென்சியில் ஆள் சொல்லி, தேதியும் வாங்கிவிட்டேன். அந்த வாரம் மீன்காரி வந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். காபி டம்ளரை டங்கென்று கீழே வைத்தாள்.

“கூலிக்கு ஆள் வெக்கறியா? ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?”

“உனக்கு எதுக்கும்மா? வியாபாரம் கெட்டுப்போகும். அங்கேயே தங்கணும்.”

“மீனு எங்க பூடும்? கடல்லதான் கீது. என் பொண்ணு தரமணில ஆபீஸ்ல லீவு போட்டுகினு ஊட்டப் பாத்துக்கும். நீ கம்முனு இரு.”

“இல்லம்மா, அதெல்லாம்…”

“கம்முனு இருன்றேன்ல?”

கம்மென்று இருந்தேன். ஏஜென்சிக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மீன்காரி நல்ல புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள். படியிறங்க என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி முன்மேசையில் அதே பெண். மீன்காரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“வீட்டு வேலை செய்யறவங்களா மேடம்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதற்குள் மீன்காரியே முந்திக்கொண்டாள். “நான் எந்த ஊட்லயும் வேல செய்யல கண்ணு. இவங்க எனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. “உறவுன்னு என்ன போடறது மேடம்?”

“சிநேகிதின்னு போடுங்கோ,” என்றேன். சொன்ன பிறகுதான், அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொல்லிப் பல வருஷம் ஆகிறது என்று தோன்றியது.

ஆபரேஷன் தியேட்டருக்கு முந்தின அறையில் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதற்கு, நான் காலமெல்லாம் போட்ட அதே முதுகு ஊசிதான். இப்போதெல்லாம் அந்த அறைக்குள் கூட ஒருவரை விடுகிறார்கள். மீன்காரிக்குப் பச்சைக் கவுன் மாட்டி, தலையில் தொப்பி போட்டு, பூவெல்லாம் உள்ளே தள்ளி அனுப்பினார்கள். மயக்க டாக்டர் ஒரு சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது.

“பயப்படாதீங்க பாட்டிம்மா. முதுகுல சின்னதா ஒண்ணு போடப்போறோம். வலி போற ஊசி.”

பாட்டிம்மா என்றதற்கு ஒரு வாங்கு வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசி மூன்று வார்த்தை காதில் விழுந்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

“அதை யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு? வலி போற ஊசின்னு?”

“யாரும் சொல்லிக் கொடுக்கல பாட்டிம்மா. எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்? அதுக்குப் பேரே அதுதான்.”

மீன்காரி ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வருத்தம். அந்தப் பேரை வைத்தது நான்தான் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சின்ன டாக்டருக்கு அடுத்த கேஸ் காத்துக்கொண்டிருக்கிறது.

கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மீன்காரி முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“எறா மாரி வளைஞ்சுக்கோ.”

வளைந்தேன். எத்தனையோ பேரை இப்படி உட்காரவைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் பஞ்சில் மருந்தைத் தொட்டு முதுகில் துடைக்கிறார்கள். சில்லென்று இருந்தது. யார், என்ன செய்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. கண் முன்னால் அவள் கழுத்து மட்டும்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருக்கிறாள், அதையும் மீறி லேசாக மீன் வாடை. அவள் கவுனைப் பிடித்துக்கொண்டேன்.

“பயமா இருக்கு,” என்றேன். இதைக் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை.

“எதுக்கு பயம்? அதுல ஒண்ணும் வலிக்காது. எனுக்கு இன்னா வலிச்சுது?”

“அப்போ இத்தனை வருஷமா முதுகு வலி, முதுகு வலின்னு என் உசிரை வாங்கினியே?”

“அது கூடை தூக்கற வலி. எனுக்குத் தெரியாதா?” என்று என் காதோரம் சொன்னாள். “அத்த யாராண்ட சொல்றது? ஊட்ல சொன்னா யாரு கேக்கறா? நீதான வலி டாக்டரு. உன்னாண்ட வந்து சொல்லிட்டுப் போவேன். நீயும் தனியா குந்திகினு கீறயேன்னு பாத்துட்டுப் போவேன்.”

அதோடு என்னால் முடியவில்லை. எங்கிருந்து வந்ததோ, உடம்பு குலுங்கக் குலுங்க அழுகை. இந்த வயதில், பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி கவுனில், ஒரு மீன்காரி தோளில் முகத்தை அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுகிறேன். நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது.

“ஆடாதீங்க பாட்டிம்மா, ஊசி போடணும்,” என்றது பின்னால் குரல்.

மீன்காரி என்னைச் சுற்றியிருந்த கையை இன்னும் இறுக்கினாள். என் தலைக்கு மேலாக அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

“செத்த இரு கண்ணு. இவங்களுக்கு வலி வந்துகினு கீது. வந்து போவட்டும். அப்பால போடு.”

பின்னால் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் உட்கார்ந்து காத்திருந்தாள்.